எந்தப் பொம்மை உன்னைப் போல இருக்கிறது?

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வு பெற்ற டீச்சர், பேச ஆரம்பித்தால் பீரியடு முடியும்வரை நிறுத்தமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். பொறுமையாகப் படியுங்கள். வேலையில் இருக்கும் ஆசிரியர்களும், வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் உள்ளவர்களும் அவசியம் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போன மாதம் ஆரணியில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ நிற்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "டீச்சர், என்னைத் தெரியுதா?"

திரும்பினால் நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். பக்கத்தில் அவள் மகள், ஏழாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை. முகம் எனக்குப் பிடிபடவில்லை. குரல்தான் பிடிபட்டது. கணீரென்ற குரல். 1992-ல் ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். பெயர் வேண்டாம்.

குடும்பம், வேலை எல்லாம் விசாரித்தேன். பேச்சு முடியும் நேரத்தில் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "டீச்சர், நீங்க எனக்கு பாரத மாதா வேஷம் தரலை. ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இருந்தது. இல்லாததுபோல் சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

நடந்தது இதுதான். அந்த ஆண்டு சுதந்திர தின விழாவுக்கு ஒரு சின்ன நாடகம் போட்டோம். பாரத மாதா மேடைக்கு நடுவில் நின்று ஒன்றரைப் பக்க வசனம் பேச வேண்டும். இந்தப் பெண் இரண்டே நாளில் முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டு வந்து, மைக் இல்லாமலே கடைசி வகுப்பறைவரை கேட்கும்படி பேசிக் காட்டினாள். "நான் போடட்டுமா டீச்சர்?" என்று கேட்டாள். நான் நான்காம் வகுப்பிலிருந்து ஒரு சிவப்பான பெண்ணைக் கூப்பிட்டு அந்த வேஷத்தைக் கொடுத்தேன். அந்தக் குழந்தைக்கு வசனம் நிற்கவில்லை. அதனால் இவளைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி, அடியெடுத்துக் கொடுக்கச் சொன்னேன். விழா நன்றாக நடந்தது. தலைமையாசிரியர் பாராட்டினார். இவளுக்கு ஒரு பென்சில் பெட்டி வாங்கிக் கொடுத்ததாக நினைவு.

இதில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நானே கறுப்புதான். பதினாறு வயதில் என் அம்மா கடலை மாவும் மஞ்சளும் குழைத்துப் பூசியதும், பெண் பார்க்க வந்தவர்கள் "பொண்ணு லட்சணம்தான், நிறம்தான் கொஞ்சம் மட்டு" என்று என் காதுபடச் சொல்லிவிட்டுப் போனதும் எனக்கு நடந்தவை. அப்படிப்பட்ட நான் எப்படி அந்தப் பிள்ளைக்கு அதையே செய்தேன்?

இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது ஓய்வுக்குப் பிறகு படித்த ஒரு வரலாற்றில். அது நம் ஊர்க் கதை இல்லை, அமெரிக்காவில் நடந்தது. அதை உங்களுக்கும் சொல்லத்தான் இந்தப் பதிவு.

எங்கள் காலத்து ஆசிரியர் பயிற்சியில் கல்வி உளவியல் ஒரு தாள். பாவ்லோவின் நாய், தார்ன்டைக்கின் பூனை, ஸ்கின்னரின் எலி, கோலரின் குரங்கு எல்லாம் படித்தோம். ஒரு மிருகக்காட்சி சாலையே மனப்பாடம். ஆனால் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கணவன் மனைவி குழந்தைகளை உட்காரவைத்துக் கேட்ட எட்டுக் கேள்விகளைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

கென்னத் பிறந்தது 1914-ல், பனாமா கால்வாய்ப் பகுதியில். அம்மா மிரியம் அவரையும் தங்கையையும் சிறு வயதிலேயே நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்குக் கூட்டி வந்து, தையல் வேலை பார்த்து வளர்த்தார். அந்தக் காலத்தில் கறுப்பினப் பிள்ளைகள் எட்டு, ஒன்பதாம் வகுப்பு முடித்ததும் "உங்களுக்குத் தொழிற்பள்ளிதான் சரிப்படும்" என்று பள்ளியிலேயே சொல்லி அனுப்பிவிடுவார்கள். கென்னத்துக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அந்தத் தையல்காரத் தாய் நேரே பள்ளிக்குப் போய்ச் சண்டை பிடித்து, மகனைப் படிப்புப் பள்ளியில் சேர்த்தார். இந்தத் தாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடியும் வருவார்.

மேமி பிறந்தது 1917-ல், தெற்கே ஆர்கன்சா மாநிலத்தில். அப்பா டாக்டர். வசதியான வீடுதான். ஆனாலும் எந்தக் கடைக்குள் போகலாம், எதற்குள் போகக் கூடாது என்று சிறு பிள்ளையிலேயே தெரிந்து வளர்ந்தவர். ஹவார்டு பல்கலைக்கழகத்துக்குக் கணக்குப் படிக்கப் போனார். அங்கே கென்னத்தைச் சந்தித்து உளவியலுக்கு மாறினார். 'தான் யார்' என்ற உணர்வு கறுப்பினக் குழந்தைகளுக்கு எந்த வயதில், எப்படி வருகிறது என்பதே அவருடைய முதுகலை ஆய்வு. பொம்மைச் சோதனை என்றால் எல்லோரும் கென்னத் பெயரைத்தான் சொல்கிறார்கள். அதற்கு விதை மேமி போட்டது. பின்னாளில் இருவரும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்கள். உளவியலில் அங்கே அந்தப் பட்டம் வாங்கிய முதல் கறுப்பினத்தவர் கென்னத், இரண்டாமவர் மேமி.

இனி சோதனைக்கு வருவோம். நான்கு பொம்மைகள். முகம், கை, கால், உடை எல்லாம் ஒரே அச்சு. இரண்டு பொம்மைகளுக்குப் பழுப்பு நிறம், கறுப்பு முடி. மற்ற இரண்டுக்கு வெள்ளை நிறம், மஞ்சள் முடி. மூன்று வயது முதல் ஏழு வயது வரையுள்ள 253 கறுப்பினக் குழந்தைகளிடம் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். அவர்களில் 134 பேர் தெற்கே, கறுப்பினத்தவருக்கென்று தனியாக ஒதுக்கிய பள்ளிகளில் படித்தவர்கள். 119 பேர் வடக்கே, எல்லோரும் சேர்ந்து படிக்கும் பள்ளிகளில் இருந்தவர்கள்.

எந்தப் பொம்மையோடு விளையாட உனக்குப் பிடிக்கும்? எது நல்ல பொம்மை? எது மோசமாக இருக்கிறது? எதன் நிறம் அழகாக இருக்கிறது? இப்படிப் போகும் கேள்விகள். கடைசிக் கேள்வி: எந்தப் பொம்மை உன்னைப் போல இருக்கிறது?

விளையாடுவதற்கு வெள்ளைப் பொம்மையைக் கேட்டவர்கள் 67 சதவீதம். நல்ல பொம்மை வெள்ளைதான் என்றவர்கள் 59 சதவீதம். மோசமான பொம்மை எது என்றபோது பழுப்புப் பொம்மையைக் காட்டியவர்களும் 59 சதவீதம். இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் கடைசிக் கேள்வி வரும். மோசம் என்று சற்றுமுன் தள்ளிவைத்த பொம்மையை இப்போது தன் கையாலேயே எடுத்து, 'இதுதான் நான்' என்று கொடுக்க வேண்டும். சில குழந்தைகள் அழுதார்கள். சிலர் அறையை விட்டே ஓடிவிட்டார்கள். இன்னொரு சம்பவத்தை கென்னத் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஆர்கன்சா கிராமத்துச் சிறுவன் ஒருவன் அழவில்லை. பழுப்புப் பொம்மையைக் காட்டிச் சிரித்துக்கொண்டே, கறுப்பினத்தவரை ஏசும் வசைச்சொல்லைச் சொல்லி, "அது அதுதான், நானும் அதுதான்" என்றானாம். அழுத குழந்தைகளைவிட இந்தச் சிரிப்புதான் தன்னை அதிகம் உலுக்கியது என்றார் கென்னத்.

இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். நம் வகுப்பறைகளில் "டேய் கருவாயா" என்று கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்பும் பையனை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். "அவனே ஒண்ணும் நினைச்சுக்கறதில்ல, உங்களுக்கு என்ன?" என்போம். அவன் சிரிப்பது எதனால் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

இந்த ஆய்வு 1947-ல் வெளியானது. அதற்கு முந்தைய ஆண்டே, மேமியின் அப்பா கடனாகக் கொடுத்த 946 டாலரை வைத்து இருவரும் ஹார்லெமில் குழந்தைகளுக்கான ஒரு மையம் தொடங்கியிருந்தார்கள். நார்த்சைடு மையம் என்று பெயர். முதலில் அங்கே வந்த பெற்றோர்கள் பலரும் ஒரே புகாரோடு வந்தார்கள்: "என் பிள்ளைக்கு மூளை வளர்ச்சி போதாது என்று தனி வகுப்பில் போட்டுவிட்டார்கள்." மேமி அந்தக் குழந்தைகளைச் சோதித்துப் பார்த்தார். பெரும்பாலானவர்களுக்கு அப்படி எந்தக் குறையும் இல்லை. மக்கு என்று ஒரு முறை எழுதிவிட்டால் அதை அழிக்க எத்தனை பாடு என்று டீச்சராக இருந்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்து, பொம்மைகள் நீதிமன்றத்துக்குப் போன கதை.

தென் கரோலினா மாநிலத்தில் கிளாரண்டன் என்று ஒரு மாவட்டம். அங்கே வெள்ளைக் குழந்தைகளுக்கு 30 பள்ளிப் பேருந்துகள் ஓடின. கறுப்பினக் குழந்தைகளுக்கு ஒன்றுகூடக் கிடையாது. மைல் கணக்கில் நடை. "எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பஸ் கொடுங்கள்" என்று கேட்டதில் ஆரம்பித்த பிரச்சினை, கடைசியில் தனிப் பள்ளிகளே கூடாது என்ற வழக்காக வளர்ந்தது. மனுவில் கையெழுத்துப் போட்ட ஹாரி பிரிக்ஸ் என்பவருக்கு பெட்ரோல் பங்க் வேலை போனது. அவர் மனைவிக்கும் வேலை போனது.

1951-ல் இந்த வழக்குக்காக கென்னத் அதே பொம்மைகளோடு கிளாரண்டன் போய் 16 குழந்தைகளைச் சோதித்தார். 10 பேர் வெள்ளைப் பொம்மையைத்தான் விரும்பினார்கள். 11 பேர் பழுப்புப் பொம்மை மோசம் என்றார்கள். பொம்மையை வைத்தா கேஸ் நடத்துவது என்று தங்கள் பக்க வழக்கறிஞர்களே சிலர் கேலி செய்தார்கள். ஆனால் வழக்கை நடத்திய தர்குட் மார்ஷல் விடவில்லை. கட்டடத்தையும் பெஞ்சையும் அளந்து காட்டலாம், பிள்ளையின் மனதில் ஏற்பட்ட காயத்தை எப்படிக் காட்டுவது? அதற்குத்தான் இந்தச் சோதனை என்றார்.

அதே ஆண்டு வர்ஜீனியா மாநிலத்தில் இன்னொன்று நடந்தது. எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த பகுதி இது.

ஃபார்ம்வில் என்ற சிற்றூரில் மோட்டன் உயர்நிலைப் பள்ளி. கறுப்பினப் பிள்ளைகளுக்கானது. 180 பேருக்காகக் கட்டிய பள்ளியில் 450 பேருக்கு மேல் படித்தார்கள். இடம் போதாமல், தார் தடவிய காகிதம் போர்த்திய கொட்டகைகளைப் போட்டுக் கொடுத்தார்கள். நம் ஊர்க் கீற்றுக் கொட்டகையாவது பார்க்க லட்சணமாக இருக்கும். அது கோழிக் கூண்டு மாதிரி இருக்கும். மழை பெய்தால் ஒழுகும். உடற்பயிற்சிக்கூடம் இல்லை, சாப்பாட்டுக்கூடம் இல்லை, ஆய்வகம் இல்லை. அதே ஊரில் வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளியில் எல்லாம் இருந்தன.

அங்கே படித்த பார்பரா ஜான்ஸுக்கு அப்போது 16 வயது. பள்ளியின் நிலையைச் சொல்லித் தன் இசை ஆசிரியையிடம் குறைபட்டுக்கொண்டாள். அந்த ஆசிரியை ஆறுதல் சொல்லவில்லை. "நீயே ஏதாவது செய்யக் கூடாதா?" என்ற பொருளில் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போய்விட்டார். முதலில் அந்தப் பெண்ணுக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தாள். நம்பிக்கையான சில மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு மாதக்கணக்கில் ரகசியமாகத் திட்டம் போட்டாள்.

1951 ஏப்ரல் 23. மாணவர்கள் சிலர் பஸ் நிலையத்தில் மாட்டிக்கொண்டார்கள் என்று யாரோ தலைமையாசிரியருக்குத் தொலைபேசியில் சொல்ல, அவர் பதறிக்கொண்டு கிளம்பிப் போனார். உடனே தலைமையாசிரியர் அனுப்பியதுபோல் எல்லா வகுப்புக்கும் துண்டுச்சீட்டு போனது: அனைவரும் கூட்ட அரங்குக்கு வரவும். எல்லோரும் வந்து உட்கார்ந்ததும் திரை விலகியது. மேடையில் பார்பரா நின்றாள். ஆசிரியர்களை வெளியே போகச் சொன்னாள். காலணியைக் கழற்றி ஓங்கித் தட்டி அமைதிப்படுத்தினாள். புதுப் பள்ளிக்கூடம் கிடைக்கும்வரை வகுப்புக்குப் போகமாட்டோம் என்றாள். 450 பேரும் அவள் பின்னால் வெளியே வந்தார்கள். இரண்டு வாரம் வேலைநிறுத்தம்.

ஒரு தலைமையாசிரியரை ஏமாற்றிய கதையை ஒரு டீச்சர் ரசித்துச் சொல்கிறாளே என்று நினைக்காதீர்கள். அத்தனை நாள் மோசம் என்று தனக்குச் சொல்லப்பட்ட பொம்மையைக் கையில் எடுத்து, 'மோசம் இது இல்லை, இந்தக் கொட்டகைதான்' என்று ஊருக்குச் சொன்ன பெண் அவள்.

வழக்கறிஞர்கள் வந்தார்கள். புதுக் கட்டடம் மட்டும் கேட்டால் வழக்கு நடத்தமாட்டோம், தனிப் பள்ளியே கூடாது என்று கேட்பீர்களா என்றார்கள். பிள்ளைகளும் பெற்றோரும் சரி என்றார்கள். 117 மாணவர்கள் வாதிகளாகச் சேர்ந்தார்கள். மிரட்டல்கள் வந்தன. பார்பராவின் பாதுகாப்புக்காக வீட்டார் அவளை அலபாமாவில் இருந்த அப்பாவின் சகோதரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த வழக்கு விசாரணையில் ஒரு காட்சி. அரசுத் தரப்பில் தனிப் பள்ளிகள் இருக்கலாம் என்று சாட்சி சொல்ல வந்தவர் ஹென்றி காரெட் என்ற பேராசிரியர். கொலம்பியாவில் மேமிக்கு முனைவர் பட்ட வழிகாட்டியாக இருந்தவர் அவர்தான். அவருக்கு மறுப்புச் சொல்லக் கூண்டில் ஏறியவர் மேமி. தன் ஆசிரியர் சொல்வது தவறு என்று நீதிமன்றத்தில், அவர் சொன்ன அதே பாடத்தின் மொழியிலேயே ஒரு மாணவி சொன்னார். அந்த நீதிமன்றத்தில் அந்த வழக்கு தோற்றது. ஆனால் இதுபோன்ற ஐந்து வழக்குகள் ஒன்றாகச் சேர்ந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போயின.

1954 மே 17. தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் தீர்ப்பைப் படித்தார். ஒன்பது நீதிபதிகளும் ஒரே முடிவு. நிறத்தை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்தால், தாங்கள் தாழ்ந்தவர்கள் என்ற எண்ணம் அவர்கள் மனதில் பதிந்துவிடும், அது பிறகு மாறவே மாறாமல் போகக்கூடும் என்பது தீர்ப்பின் சாரம். 11-ஆம் அடிக்குறிப்பில் முதலாவதாக இருந்தது கென்னத் கிளார்க்கின் ஆய்வு.

தீர்ப்பு வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. பார்பராவின் மாவட்டத்தில் சேர்ந்து படிக்க விடுவதைவிடப் பள்ளிகளையே மூடுவது மேல் என்று 1959-ல் அரசுப் பள்ளிகள் அத்தனையையும் மூடினார்கள். 1964 வரை ஐந்து ஆண்டுகள். வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி நடந்தது. மற்றவர்களில் எத்தனையோ பிள்ளைகளுக்குப் படிப்பு அதோடு போனது. பார்பரா பின்னாளில் நூலகராக வேலை பார்த்து 1991-ல் காலமானார். அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் வர்ஜீனியாவின் சார்பாக நூறு ஆண்டுகளுக்கு மேல் நின்ற தளபதி ராபர்ட் லீயின் சிலையை 2020-ல் எடுத்தார்கள். அந்த இடத்துக்கு மாநிலம் தேர்ந்தெடுத்த உருவம் பார்பரா ஜான்ஸ்.

இதோடு நிறுத்தினால் கதை நன்றாக முடியும். ஆனால் பாதிப் பாடம்தான் நடத்தியதாகும். பொம்மைச் சோதனைக்கு நியாயமான எதிர்க்கேள்விகளும் உண்டு.

கிளார்க் தம்பதியின் கணக்கிலேயே ஒரு முடிச்சு இருந்தது. பழுப்புப் பொம்மை மோசம் என்றவர்கள் தெற்கே தனிப் பள்ளியில் 49 சதவீதம். வடக்கே எல்லோரும் சேர்ந்து படித்த பள்ளிகளில் 71 சதவீதம். அப்படியானால் குற்றம் தனிப் பள்ளியின் மேல் மட்டும் எப்படி? எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். பொம்மையைத் தேர்ந்தெடுப்பதும் தன்னைத்தானே மட்டமாக நினைப்பதும் ஒன்றுதானா என்று பிற்காலத்தில் கறுப்பின அறிஞர்களே கேட்டார்கள்.

இதற்கு வெளிச்சம் கொடுத்தவர் மாரிஸ் ரோசன்பெர்க் என்ற சமூகவியலாளர். நியூயார்க் மாநிலத்தில் 5,000-க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கேட்டு, 1965-ல் புத்தகம் எழுதினார். சுயமதிப்பை அளக்க அவர் தயாரித்த பத்து வாக்கியங்களைத்தான் இன்றுவரை உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் பெரிதாகப் பட்டது. சுயமதிப்பு என்றால் 'நான் மற்றவர்களைவிட உசத்தி' என்று நினைப்பது இல்லை. 'நான் மதிக்கத் தகுந்த ஆள்தான், போதுமானவள்தான்' என்று நினைப்பது.

அவர் பிள்ளைகளிடம் வீட்டைப் பற்றியும் கேட்டார். உன் நண்பர்கள் யார் என்று அம்மாவுக்குத் தெரியுமா? சாப்பிடும்போது உன்னைப் பேச விடுவார்களா? மதிப்பெண் அட்டை கொண்டுபோனால் என்ன சொல்வார்கள்? திட்டும் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் சுயமதிப்பு மிகக் குறைவு என்று நாம் நினைப்போம். இல்லை. கண்டுகொள்ளாத வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் இன்னும் குறைவாக இருந்தது. ரேங்க் கார்டைப் பார்க்காமலே கையெழுத்துப் போடும் அப்பாக்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிறகு 1971-ல் அவரும் ராபர்ட்டா சிம்மன்ஸ் என்பவரும் பால்டிமோர் நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். அங்கே கறுப்பினக் குழந்தைகளின் சுயமதிப்பு வெள்ளைக் குழந்தைகளைவிடக் குறைவாக இல்லை! காரணம் யோசித்தால் புரியும். ஊர் உலகம் என்ன நினைக்கிறது என்று ஒரு குழந்தை கணக்குப் பார்ப்பதில்லை. அம்மா, அப்பா, கூட்டாளிகள், டீச்சர் ஆகியோர் கண்ணில்தான் அது தன்னைப் பார்த்துக்கொள்கிறது. அந்த நாலு பேர் மதித்தால் உலகத்தின் ஏளனத்தைத் தாங்கிக்கொள்ளும்.

கென்னத்தின் தாயை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? தொழிற்பள்ளிக்குப் போ என்று உலகம் சொன்னது. தையல்காரத் தாய் இல்லை என்றார். பார்பராவுக்கு ஓர் இசை ஆசிரியை இருந்தார்.

இன்னொன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்படியானால் பிள்ளைகளை ஓயாமல் புகழ்ந்தால் போதுமா? அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். கலிஃபோர்னியா மாநிலம் 1986-ல் சுயமதிப்பை வளர்க்க அரசுக் குழுவே அமைத்தது. 'நீ சிறந்தவன், நீ தனித்துவமானவன்' என்று சொல்லிக் கொடுப்பது பள்ளிகளில் பரவியது. 2003-ல் பாமைஸ்டர் முதலிய அறிஞர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, சும்மா புகழ்ந்து சுயமதிப்பை ஏற்றினால் படிப்பு ஏறும் என்பதற்குச் சான்று இல்லை என்றார்கள். 1998-ல் முல்லர், டுவெக் இருவரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், 'நீ புத்திசாலி' என்று பாராட்டப்பட்டவர்கள் அடுத்துக் கடினமான புதிரைத் தொடத் தயங்கினார்கள். தோற்றால் அந்தப் பட்டம் போய்விடுமே! 'நன்றாக முயற்சி செய்தாய்' என்று கேட்டவர்கள் துணிந்து எடுத்தார்கள்.

நான் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்த பென்சில் பெட்டியும் இப்படி ஒரு புகழ்ச்சிதான். அவளுக்கு வேண்டியிருந்தது பென்சில் பெட்டி இல்லை. செய்யத் தெரிந்ததைச் செய்து காட்ட ஓர் இடம்.

என் கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. நான் எப்படி அந்தத் தவறைச் செய்தேன்? அந்த 253 குழந்தைகளில் நானும் ஒருத்தி. கடலை மாவு பூசிய வயதிலேயே எந்தப் பொம்மை நல்ல பொம்மை என்று என் மனதில் எழுதிவிட்டார்கள். டீச்சரான பிறகு, எது நல்ல பொம்மை என்று நானே எடுத்துக் காட்டும் இடத்தில் நின்றபோது, கை தானாக வெள்ளைப் பொம்மையிடம் போனது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இது சாக்கு இல்லை. காரணம் தெரிந்தால்தானே அடுத்த முறை கையைப் பிடித்து நிறுத்த முடியும்?

கல்யாண வீட்டாரிடம் எண் வாங்கி அவளுக்குப் போன் செய்தேன்.

"அன்னிக்கு நான் செஞ்சது தப்பும்மா. உன் நிறத்தைப் பார்த்துத்தான் செஞ்சேன். நீ கேட்டப்போ ஞாபகம் இல்லாத மாதிரி நடிச்சதும் தப்பு. மன்னிச்சுடு" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "விடுங்க டீச்சர். சின்ன வயசுல நடந்தது" என்றாள். அப்புறம் அவளே சொன்னாள்: "அதுக்கப்புறம் நான் எந்த ப்ரோக்ராமுக்கும் கை தூக்கலை டீச்சர். போன வாரம் எம் பொண்ணு, ஆகஸ்ட் பதினஞ்சுக்குப் பேச்சுப் போட்டியில பேர் குடுக்கட்டுமான்னு கேட்டா. நமக்கெதுக்கு அதெல்லாம்னு சொல்லிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியலை."

முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் செய்தது, நான் பார்த்தே இராத ஒரு குழந்தையின் பேச்சுப் போட்டிவரை வந்து நிற்கிறது.

"பேர் குடுக்கச் சொல்லும்மா. பேச்சு நான் எழுதித் தர மாட்டேன், அவளே எழுதட்டும். திருத்தி மட்டும் தர்றேன். அன்னிக்கு நான் வந்து முதல் வரிசையில உட்கார்றேன்" என்றேன்.

பெயர் கொடுத்துவிட்டார்கள். நேற்று அந்தப் பிள்ளை எழுதியதை வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தாள். மூன்று சந்திப்பிழை. மற்றபடி அருமை. பிழையைத் திருத்தினேன், ஒரு வாக்கியத்தையும் மாற்றவில்லை.

ஆசிரிய நண்பர்களே, சுதந்திர தின விழா ஒத்திகை உங்கள் பள்ளிகளிலும் ஆரம்பித்திருக்கும். பாரத மாதா வேஷத்துக்கு ஆள் தேடும்போது, எல்லாப் பிள்ளைகளையும் ஒரு முறை வசனம் பேசச் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.